பின்வளவில் வெட்டிய குளம்

என் கணவர் மண்வெட்டியோடு பின்வளவில் இறங்கிய அன்று எனக்குப் பயமாக இருந்தது. மாதக்கணக்காக வீட்டில் ஒரு வேலையும் தொடாமல் இருந்த மனிதர். பள்ளிக்கூடத்தில் படிப்பித்துவிட்டு மத்தியானம் கழிய வீடு வந்து, குடையை மடித்து வைத்துவிட்டு, சமைக்கக் குசினிக்குள் போனேன். பின்பக்கத்தில் மண் வெட்டுகிற சத்தம் கேட்டது. யன்னலால் எட்டிப் பார்த்தேன். கிணற்றுக்கும் மதிலுக்கும் நடுவே, பாறை மண்ணுக்கு மேலே துருத்திக்கொண்டு நிற்கிற இடத்தில், நீளவாட்டில் ஒரு கிடங்கு. அவர் அதற்குள் முழங்காலளவுக்கு நின்றார். அந்தக் கிடங்கின் நீளமும் அகலமும் எனக்குப் பிடிக்கவில்லை.

எங்கள் வீடு திருகோணமலையில், துறைமுகத்தைப் பார்த்த ஒரு மேட்டில் இருந்தது. எழுபதுகளின் தொடக்கம் அது. அவர் துறைமுகத்தில் கிறேன் ஓட்டுபவர். உயரத்தில் சின்னக் கண்ணாடி அறைக்குள் இருந்துகொண்டு கப்பலின் வயிற்றிலிருந்து சாமான்களைத் தூக்கிக் கரையில் வைப்பார். மேலே இருப்பவருக்குச் சுமைக்குக் கீழே என்ன இருக்கிறதென்று தெரியாது. கீழே ஒருவர் நின்று கையால் சைகை காட்டவேண்டும். அந்தக் கையை நம்பித்தான் மேலே இருப்பவர் எல்லாம் செய்வார். என் கணவருக்குப் பல வருடமாகச் சைகை காட்டியவர் கிண்ணியாக்காரர் ஒருவர். துறைமுகத்தில் எல்லோரும் அவரை, முஸ்லிம்கள் அண்ணனைக் கூப்பிடுவதுபோல, நானா என்றுதான் கூப்பிட்டார்கள். எங்கள் வீட்டிலும் அவர் நானாதான். அவரை நான் ஓரிரு தரம்தான் கண்டிருப்பேன். ஆனால் அவர் வீட்டுச் சமையலைப் பற்றி எனக்கு நிறையத் தெரியும். அவருடைய சாப்பாட்டுக் கரியரில் என் கணவருக்கும் எப்போதும் ஒரு பங்கு இருந்தது.

ஒருநாள் இரும்புக் குழாய்க் கட்டொன்றைத் தூக்கும்போது கம்பி வடம் அறுந்தது. நானா அந்த இடத்திலேயே போய்விட்டார். வடம் உள்ளுக்குள்ளே துருப்பிடித்திருந்தது, வெளியே பார்த்தால் யாருக்கும் தெரியாது, எவரிலும் பிழையில்லை என்று விசாரணை முடிந்தது. ஆனால் என் கணவர் நானாவை அடக்கம் செய்யப் போகவில்லை. பிறகும் அந்த வீட்டுக்குப் போகவில்லை. வேலைக்குத் திரும்பிப் போனவர் கிறேன் ஏணியில் பாதி ஏறி இறங்கிவிட்டார் என்று கூட வேலை செய்கிறவர்கள் வந்து சொன்னார்கள். டாக்குத்தர் லீவு எழுதிக் கொடுத்தார். அதன்பிறகு முன்கூடத்துக் கதிரையில், துறைமுகம் தெரியாத பக்கமாகத் திரும்பி இருந்தபடியே நாட்கள் போயின. ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்கும் நானும் மகளும்தான் போய்வந்தோம்.

ஆகவே அந்தக் கிடங்குக்குப் பக்கத்தில் போய் நின்றபோது, கேட்கவும் பயம், கேளாமல் விடவும் பயம்.

“என்ன வெட்டுறீங்கள்?”

“குளம்.”

“குளமோ?”

“ஓம். சின்னதா ஒண்டு. உந்தப் பாறையால தண்ணி விழுகிற மாதிரி.”

அந்தக் கிழமை முழுவதும் அவர் என்னோடு பேசியதைவிட அது அதிகம். கலியாணம் முடித்த புதிதில் நாங்கள் மலைநாட்டுப் பக்கம் போனோம். வழியில் பஸ்ஸை நிறுத்தி ஒரு நீர்வீழ்ச்சியைக் காட்டினார்கள். நான் குளிரில் நடுங்கிக்கொண்டு பஸ்ஸுக்குள்ளேயே இருந்தேன். அவர் இறங்கிப் போய், நடத்துநர் இரண்டு தரம் கூப்பிடும்வரை அதைப் பார்த்துக்கொண்டு நின்றார். அதைத்தான் நினைத்தாரோ தெரியாது. நான் கேட்கவில்லை.

ஊரார் சிரித்தார்கள். எந்தப் பக்கம் திரும்பினாலும் கடல் தெரிகிற ஊரில் ஒருவன் வீட்டுக்குள் குளம் வெட்டுகிறான் என்றால் சிரிக்கத்தானே செய்வார்கள். ஆவணி மாதத்தில் பாதிக் கிணறுகள் உவர்த்துப்போகிற இடம் வேறு. என் அண்ணன் வெருகலிலிருந்து வந்தபோது மதிலோடு நின்று நெடுநேரம் பார்த்துவிட்டு, என்னைத் தனியாகக் கூப்பிட்டு, ஆளை மட்டக்களப்புக்குக் கொண்டுபோய் நல்ல டாக்குத்தர் ஒருவரிடம் காட்டச் சொன்னார். மண் வெட்டுகிற நாட்களில் அவர் இரண்டாந்தரமும் சோறு போட்டுச் சாப்பிடுகிறார், அதனால் நான் தடுக்கப்போவதில்லை என்று சொன்னேன். அண்ணன் பிறகு அதைப்பற்றிக் கதைக்கவில்லை.

கிடங்கு மெல்ல மெல்ல அகன்று, நான் முதலில் பயந்த உருவத்தை இழந்து, ஒரு பலாச்சுளை மாதிரி வளைந்தது. அதன்பிறகு கல் சேர்க்கத் தொடங்கினார். எங்கள் பக்கத்துக் கல் வெள்ளை. உடைத்தால் சீனிக்கட்டி மாதிரி மின்னும், இடைக்கிடை துருநிறத்தில் ஒரு கோடு ஓடும். மேட்டுச் சரிவில் மழை கழுவி விட்ட கற்களைச் சாக்கில் போட்டு, சைக்கிளின் நடுவில் தொங்கவிட்டு உருட்டிக்கொண்டு வருவார். வந்ததும் அடுக்கமாட்டார். ஒவ்வொரு கல்லையும் பாறைச் சரிவில் வைத்து, மேலேயிருந்து ஒரு வாளி தண்ணீரை ஊற்றிப் பார்ப்பார். தண்ணீர் அவர் நினைத்த பக்கம் போகாது. கல்லைக் கொஞ்சம் திருப்புவார். திரும்பவும் ஊற்றவேண்டும். ஏறி இறங்குவது கஷ்டமாக இருந்ததால் ஒருநாள் வாளியை நான் வாங்கிக்கொண்டேன்.

அப்படித்தான் நான் அந்த வேலைக்குள் போனேன். பள்ளிக்கூடத்தால் வந்து, சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு பாறைக்கு மேலே நிற்பேன். “ஊத்தும்” என்பார். ஊற்றுவேன். “பொறும்” என்பார். நிறுத்துவேன். ஒரு பின்னேரம் முழுவதும் இந்த இரண்டு சொற்களோடு போகும். தண்ணீரைப் பற்றி நான் அதுவரை அறியாத சில விஷயங்களை அப்போது அறிந்தேன். கல்லின் விளிம்பு உருண்டையாக இருந்தால் தண்ணீர் விழாது, அடிப்பக்கத்தில் ஒட்டிக்கொண்டு பின்னுக்கு ஓடி மண்ணுக்குள் போய்விடும். விளிம்பு கூராகவும் முன்னுக்கு நீட்டிக்கொண்டும் இருக்கவேண்டும். அப்படி ஒரு கல் எங்களிடம் இருந்தது. வளவின் கீழ்க்கோடியில், மதிலோடு கிடந்த தட்டையான பெரிய பாளக் கல். அதை மேலே ஏற்றினால் குளத்துக்குத் தலை வந்துவிடும். ஆனால் நாலு பேர் சேர்ந்தாலும் தூக்க ஏலாத பாரம்.

துறைமுகத்து நண்பர் ஒருவரிடம் சொல்லி ஒரு செயின் புளொக்கைக் கடன் வாங்கினார். சங்கிலியைக் கையால் இழுக்க இழுக்கப் பாரம் கொஞ்சம் கொஞ்சமாக எழும்புகிற சாதனம் அது. மூன்று பனங்குற்றிகளைப் பாறையோரத்தில் கூடாரம் போலச் சேர்த்துக் கட்டி, உச்சியில் அதைத் தொங்கவிட்டார். அலவாங்கால் கல்லை நெம்பிச் சிறுகச் சிறுக அதற்கடியில் கொண்டுவந்தார். கல்லுக்குச் சங்கிலியும் கட்டினார். பிறகு கையைக் கழுவிக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

அடுத்த நாளும் தொடவில்லை. அதற்கடுத்த நாளும் இல்லை. கடைசியில் ஒரு சனிக்கிழமை, மகளை மாமி வீட்டுக்கு அனுப்பிவிட்டு, நானே போய்க் கூப்பிட்டேன். கல் ஆடாமல் இருக்க ஒரு கயிற்றை ஒருவர் பிடிக்கவேண்டும், அதை நான் பிடிக்கிறேன் என்றேன். வேப்பமரத்துக்கு அங்கால் போய் நிற்கச் சொன்னார். கயிறு அவ்வளவு தூரம் எட்டாது என்றேன். நீளக் கயிறு எடுத்து வந்து முடிந்து தந்தார்.

சங்கிலியை இழுத்தார். கல் மண்ணைவிட்டு எழும்பியது. இடுப்பளவுக்கு வந்ததும் மெதுவாகச் சுழலத் தொடங்கியது. கயிற்றை இழுத்துப் பார்த்தேன், நிற்கவில்லை. சுழல்கிற கல் எனக்கும் அவருக்கும் நடுவில் வந்து, அவரை மறைத்தது. இரண்டடி முன்னுக்கு வந்தேன்.

“முன்னுக்கு வராதையும்!”

அவர் அப்படிக் கத்தி நான் கேட்டதில்லை. கல் அந்தரத்தில் தொங்கிக்கொண்டிருந்தது.

“நான் பின்னுக்குப் போயிட்டன். நீங்கள் இறக்குங்கோ,” என்றேன்.

இறக்கினார். கல் மண்ணில் இருந்ததும் அதிலேயே இருந்துவிட்டார். நானும் பக்கத்தில் போய் இருந்தேன். அப்போதுதான் சொன்னார். அன்றைக்குச் சுமை சுழன்று நானாவை மறைத்துவிட்டது. கை தெரியாததால் அவர் கிறேனை நிறுத்தி வைத்திருந்தார். நானா, தன்னுடைய கை மேலே தெரியவேண்டும் என்று நாலு எட்டு முன்னுக்கு வந்தார்.

“எனக்குக் கையைக் காட்டத்தான் வந்தவர்,” என்றார். “அந்தக் கையை நான் கண்டனான். நில் எண்டு காட்டினவர்.”

இதை அவர் விசாரணையில் சொன்னாரா என்று எனக்குத் தெரியாது. என்னிடம் சொல்ல அத்தனை மாதம் எடுத்தது. நான் எழும்பிக் குசினிக்குள் போனேன். தேத்தண்ணி போட்டுக்கொண்டு வந்து கொடுத்தேன்.

பாளக் கல் அப்படியே கிடந்தது. அவர் குளத்தின் அடிப்பக்கத்தைக் கவனிக்கத் தொடங்கினார். மணல் கலந்த மண், எவ்வளவு ஊற்றினாலும் குடித்துவிடும். சீமெந்து அந்நாட்களில் லேசில் கிடைக்காது. கிடைத்தாலும் வீட்டுக்குக் கூரைவேலை இருப்பவர்களுக்கே காணாது. களிமண்ணை மிதித்துப் பதமாக்கி, ஒரு கை கனத்துக்கு அடியிலும் பக்கத்திலும் பூசினால் தண்ணீர் நிற்கும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. நல்ல களி எங்கே கிடைக்கும் என்று என்னோடு படிப்பிக்கும் கிண்ணியா ரீச்சரிடம் விசாரித்தேன். தங்கள் ஊரில் செங்கல் அறுக்கிறவர்களிடம் கிடைக்கும் என்றார். யார் என்று கேட்டேன். சொல்லத் தயங்கிவிட்டு, நானாவின் தம்பிதான் அதில் பெரியவர் என்றார்.

வீட்டில் வந்து அதை அப்படியே சொன்னேன். களி வேண்டாம், குளமும் வேண்டாம் என்றார். அப்படியென்றால் நான் மட்டும் போய்வருகிறேன், களிக்காக இல்லை, அந்த வீட்டுக்கு நாங்கள் யாராவது ஒருத்தர் போகத்தான் வேண்டும் என்றேன். ஞாயிறு காலையில் நான் சேலை உடுத்துக்கொண்டு வந்தபோது அவர் சட்டை போட்டுக்கொண்டு வாசலில் நின்றார்.

கிண்ணியாவுக்கு அப்போது பாலம் இல்லை. துறையடியில் இறங்கி, ஆட்களையும் வண்டிகளையும் ஏற்றிக்கொண்டு கடக்கும் மிதவைக்காகக் காத்திருக்கவேண்டும், அதைப் பாதை என்போம். நானா தினமும் வந்துபோன வழி. பாதையில் நிற்கும்போது என் கணவர் கம்பியைப் பிடித்துக்கொண்டு தண்ணீரையே பார்த்தார். பாதியில் திரும்பிவிடுவார் என்று பயந்தேன். தண்ணீருக்கு நடுவில் திரும்ப வழியில்லை என்பது எனக்கு உதவியாக இருந்தது.

கிடுகு வேலி போட்ட வீடு. நானாவின் உம்மா விறாந்தையில் பாயில் இருந்தார். வழியில் எங்களை அழைத்து வந்த பிள்ளை, நாங்கள் யார் என்று சொன்னதும், கையால் தடவிக் கதிரையைக் காட்டினார். கண்பார்வை குறைவு. மருமகள், நானாவின் மனைவி, உள்வாசல் சேலைத் திரைக்குப் பின்னால் வந்து நின்றார். அவருடைய பாதங்கள் மட்டும் எங்களுக்குத் தெரிந்தன.

உம்மாதான் தொடங்கினார்.

“எல்லாரும் வந்தாங்க மகன். நீங்க மட்டும் வரல்ல. ஒங்களத்தான் நாங்க பாத்துக்கொண்டு இருந்த.”

“உங்கட முகத்தில முழிக்க ஏலாமப் போச்சுது உம்மா.”

உம்மா பாயின் ஓரத்தைத் தடவிக்கொண்டிருந்தார். கோபமாக இருக்கிறாரா என்று என்னால் அறிய முடியவில்லை. திரைக்குப் பின்னாலிருந்துதான் குரல் வந்தது.

“அண்டைக்கிக் காலையில அவர் ஒங்களோட என்ன கதைச்ச?”

என் கணவர் யோசித்தார். பிறகு, மெதுவாகச் சொன்னார்.

“பகலுக்குப் பொரிச்ச மீன் கிடக்கு, உமக்கும் இருக்கு, கடையில சாப்பிடாதையும் எண்டு சொன்னவர்.”

திரைக்குக் கீழே அந்தப் பாதங்கள் ஓரெட்டு முன்னுக்கு வந்தன.

“ஓம்,” என்றார் பிறகு. “ஒங்களுக்கெண்டுதான் ரெண்டு துண்டு கூடப் பொரிச்ச நான்.”

அந்தப் பெண்ணுக்கு அதுவரை யாருமே அதைச் சொல்லியிருக்கவில்லை. வடம் எப்படி அறுந்தது, யார் ஓடி வந்தார்கள், எந்த வாகனத்தில் ஏற்றினார்கள் என்றெல்லாம் எத்தனையோ பேர் வந்து சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்கள். காலையில் என்ன பேசினார் என்று சொல்லக்கூடியவர் என் கணவர் ஒருவர்தான். அவர் அதைத் தனக்குள்ளேயே வைத்துக்கொண்டு எங்கள் முன்கூடத்தில் மாதக்கணக்காக இருந்திருக்கிறார். அன்று வேறு என்னவெல்லாம் கதைத்தார்கள் என்றும் அந்தப் பெண் கேட்டார். இவர் ஒவ்வொன்றாகச் சொன்னார். சின்னச் சின்ன விஷயங்கள். பாதை பிந்தியது, மகனுக்குச் சப்பாத்து வாங்கவேண்டியது, வயலில் கதிர் வந்துவிட்டது. பகல் சாப்பாடு சாப்பிடாமல் எங்களை அவர்கள் விடவில்லை.

களியைப் பற்றி என் கணவர் வாய் திறக்கவே இல்லை. கிளம்பும்போது நான்தான் நானாவின் தம்பியிடம் கூச்சத்தோடு கேட்டேன். என்னத்துக்கு என்றார். குளத்துக்கு என்றேன். வீட்டுக்குள் குளமா என்று அவரும் சிரித்தார். ஆனால் அந்தச் சிரிப்பு என்னைச் சுடவில்லை.

இரண்டு கிழமையால் அவரே ஒரு ட்ராக்டரில் களியை ஏற்றிக்கொண்டு வந்தார். இறக்கிவிட்டு வளவைச் சுற்றிப் பார்த்தவர், பனங்குற்றிகளுக்குக் கீழே கிடந்த பாளக் கல்லைக் கண்டு, இது ஏன் இங்கே கிடக்கிறது என்று கேட்டபடி அதன் பக்கமாகப் போனார். என் கணவர் ஓடிப்போய் அவருக்கு முன்னால் நின்றார். கல் நிலத்தில்தான் கிடந்தது, தூக்கவுமில்லை. ஆனாலும் அவரால் பொறுக்க முடியவில்லை. கல்லைத் தூக்கி மேலே வைக்கவேண்டும், ஆள் இல்லாமல் விட்டிருக்கிறோம் என்று நான் இடையில் புகுந்து சொன்னேன்.

நானாவின் தம்பி எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். அவருக்கு எவ்வளவு விளங்கியதோ தெரியாது. கயிற்றின் நுனியை எடுத்துக் கையில் சுற்றிக்கொண்டு பின்னுக்கு நடந்தார்.

“இவ்வளவு தூரம் காணுமா?”

“இன்னும் கொஞ்சம்,” என்றார் இவர்.

“இப்ப?”

“காணும். அதில இருந்து அசையாதையுங்கோ.”

நான் பாறைக்கு மேலே ஏறி நின்றேன். அங்கே நின்றால், கல் எந்தப் பக்கம் சுழன்றாலும் என் கை அவருக்குத் தெரியும். விரலைச் சுழற்றினால் தூக்கு, உள்ளங்கையை விரித்தால் நில். அன்று காலையில்தான் அதைச் சொல்லித் தந்தார், கல்லைத் தூக்குவதாக நினைப்பே இல்லாமல், கதையோடு கதையாக. சங்கிலி இழுபட்டது. கல் எழும்பியது, சுழன்றது, கயிற்றுக்குக் கட்டுப்பட்டு நின்றது. நான் உள்ளங்கையை விரித்தபோது அவர் உடனே நிறுத்தினார். நிறுத்திவிட்டு என் கையையே பார்த்துக்கொண்டு நின்றார். மூச்சு வாங்கியது. நான் விரலைச் சுழற்றினேன். கல் பாறைக்கு மேலாக வந்ததும் இரண்டு பேருமாகத் தள்ளி, வைக்கவேண்டிய இடத்தில் அலவாங்கால் இருத்தினார்கள். பிறகு மூன்று பேரும் கிணற்றடியில் கைகால் கழுவினோம். நான் முட்டை பொரித்து இடியப்பம் கொடுத்தேன்.

களி பூசி முடிக்கத் தவணை லீவு முழுவதும் போனது. மகளும் நானும் மிதித்தோம். காயவிடக்கூடாது என்பதால் பூசிய இடமெல்லாம் ஈரச்சாக்கு விரித்தோம். பழுதாகிக் கழித்துவிட்ட ஒரு வள்ளத்து மோட்டர்ப் பம்பை அவர் திருத்தி எடுத்தார். முதன்முதலாகத் தண்ணீர் விட்டபோது அது கலங்கலாக வந்து, பாளக் கல்லின் அடியில் ஒட்டிக்கொண்டு பின்னுக்கே ஓடியது. உளியால் விளிம்புக்கு அடியில் ஒரு சின்ன வாய்க்கால் போல வெட்டினார். திரும்ப விட்டார். தண்ணீர் கல்லைவிட்டுப் பிரிந்து, ஒரு முழ அகலத்துக்கு மெல்லிய துணி மாதிரி விழுந்தது. மகள் கைகொட்டினாள். அவர் வாளியைக் கழுவிக் கவிழ்த்து வைத்தார்.

குளம்தான் அவரைச் சுகப்படுத்தியது என்று பிறகு பலர் சொன்னார்கள். எனக்கு அப்படிச் சொல்ல மனம் வருவதில்லை. கிண்ணியாவுக்குப் போனது பாதி என்றால், வெறுமனே நாட்கள் போனது மீதிப் பாதியாக இருக்கலாம். அதற்குப் பிறகும் சில காலைகளில் அவர் எழும்பாமல் சுவர்ப்பக்கம் திரும்பிக் கிடந்ததுண்டு. ஆனால் வேலைக்குத் திரும்பிப் போனார். கிறேனில் ஏறவில்லை, ஏறும்படி எவரும் கேட்கவும் இல்லை. கம்பி வடங்களைச் சோதிக்கிற வேலையைத் தாங்கோ என்று கேட்டு வாங்கினார். வடத்தின் புரியை விரித்து உள்ளே பார்த்து, சந்தேகம் இருந்தால் கழித்துவிடுவார். நல்ல வடத்தையும் கழிக்கிறார் என்று மேலதிகாரிகள் முறுமுறுத்தார்கள். அந்த முறுமுறுப்பை அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

கோடையில் கிணறு வற்றும்போது பம்பை நிறுத்திவிடுவோம். அயலில் தண்ணீருக்கு வாளியோடு அலைகிறபோது, எங்கள் வீட்டில் தண்ணீர் விளையாட்டுக்காக விழுவது சரியில்லை என்று இருவருக்கும் பட்டது. மகள் கொண்டுவந்து விட்ட மீன்களுக்கு வேண்டிய அளவு மட்டும் குளத்தில் நிற்கும். அதில் குடிக்க மைனாக்களும் கீரியும் வரும். ஒருமுறை, உடும்பைவிடப் பெரிதான ஒரு கபரக்கொய்யா வந்து மீனெல்லாவற்றையும் தின்றுவிட்டுப் போனது.

எழுபதுகளின் கடைசியில், ஒரு மார்கழி மாதத்தில், நானாவின் மனைவி தன் மகளோடு எங்கள் வீட்டுக்கு வந்தார். அதற்கு முன்பு நாங்கள்தான் பெருநாளுக்குப் போய்வந்திருக்கிறோமே தவிர, அவர் வந்ததில்லை. மகளுக்குக் கலியாணம் பேசியிருந்தார்கள், சொல்ல வந்தார். அன்று நல்ல மழை. மேட்டிலிருந்து மழைத்தண்ணீர் பாறையால் இறங்கி, பம்பு இல்லாமலே பாளக் கல்லில் இரைந்து விழுந்துகொண்டிருந்தது. குசினி வாசலில் கதிரைகளைப் போட்டு இருந்தோம். மாப்பிள்ளை மூதூர்ப் பையன், கடை வைத்திருக்கிறான், நல்ல பிள்ளை என்றார். பெண்ணுக்குச் சமையல் ஒன்றும் தெரியாது என்று தாய் குறைப்பட்டுக்கொண்டார். பெண் தலையைக் குனிந்துகொண்டு சிரித்தது. என் கணவர், கலியாணத்துக்கு முதல்நாளே தான் வந்து பந்தல் கட்டுவதாகச் சொன்னார். பந்தலுக்கு ஆள் இருக்கிறது என்றார் தாய். இருந்தாலும் வருவேன், முடிச்சுகளைத் தான் ஒருக்கால் பார்க்கவேண்டும் என்றார் இவர். அதற்கு அவர் மறுப்புச் சொல்லவில்லை.

மழை விட்ட கையோடு கிளம்பிவிட்டார்கள், பாதை பிந்தினால் இருட்டிவிடும். இவர் குடையை எடுத்துக்கொண்டு பஸ் நிலையம்வரை கூடப் போனார்.